போப்பாண்டவர் வெள்ளிக்காசு: முதல் காசாக எதை வாங்கலாம்?

பழைய காசு சேர்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஃபோனில் கேட்டார்: "அண்ணா, போப்பாண்டவர் பேர்ல அடிச்ச வெள்ளிக்காசு ஒண்ணு வாங்கணும். ஒண்ணே ஒண்ணுதான். பெருசா வாங்கட்டுமா, சின்னதா நல்லதா வாங்கட்டுமா?" அப்போது ஏதோ சொல்லி வைத்தேன். ஆனால் அவர் கேட்டது பெரிய கேள்வி. இந்தக் காசுகளோடு பல வருஷம் பழகியவன் என்ற முறையில் அதற்கு முழுசாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1870 வரை போப்பாண்டவர், அதாவது திருத்தந்தை, ஒரு நாட்டையும் ஆண்டார். ரோம், பொலோஞ்ஞா, ஃபெர்ராரா, அன்கோனா என்று இத்தாலியின் நடுப்பகுதி அவர் ஆட்சியில் இருந்தது. பிரான்சுக்குள் இருக்கும் அவிஞ்ஞோன் நகரமும் 1791 வரை அவருடையதுதான். மற்ற அரசர்களைப் போலவே அவரும் காசு அடித்தார். நாம் பேசப்போவது ஏறக்குறைய 1500 முதல் 1750 வரை வந்த வெள்ளிக்காசுகளை.

கணக்கு எளிது. ஒரு ஜூலியோ என்றால் 10 பயோக்கோ, அதாவது அன்றைய சில்லறை. மூன்று ஜூலியோ ஒரு தெஸ்தோனே. பத்து ஜூலியோ ஒரு பியாஸ்த்ரா. ஜூலியோவில் பாதி க்ரோஸ்ஸோ, கால் பங்கு மெத்ஸோ க்ரோஸ்ஸோ. பியாஸ்த்ரா சுமார் 32 கிராம், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். மெத்ஸோ க்ரோஸ்ஸோ ஒரு கிராம்கூட இல்லை, விரல் இடுக்கில் நழுவிவிடும். வெள்ளியின் தரம் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 917 பங்கு. நல்ல வெள்ளிதான், இந்த விஷயத்தில் எதை வாங்கினாலும் ஏமாற்றம் இல்லை.

பெரும்பாலானோர் கண் முதலில் போவது பியாஸ்த்ரா மேல். போகத்தான் செய்யும். ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்ற திருத்தந்தையின் காலத்தில் (1585–1590) ஆரம்பித்த இந்தப் பெரிய வெள்ளிக்காசு, 1670 முதல் 1720 வரை உச்சத்தில் இருந்தது. 43, 44 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தில் ஒரு ஊரையே செதுக்கலாம், செதுக்கினார்கள். 11ஆம் கிளமென்ட் அடித்த ஒரு பியாஸ்த்ராவில் பாந்தேயன் கோயிலும் அதன் முன்னால் இருக்கும் நீரூற்றும் சதுக்கமும் அப்படியே இருக்கின்றன. இன்று ரோமுக்குப் போய் அதே இடத்தில் நின்று காசைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1675 ஜூபிலி ஆண்டில் 10ஆம் கிளமென்ட் அடித்ததில், பேராலயத்தில் ஜூபிலிக்கு மட்டும் திறக்கும் புனிதக் கதவு. "சீயோனின் வாசல்களை ஆண்டவர் நேசிக்கிறார்" என்ற சங்கீத வரி அதைச் சுற்றி ஓடுகிறது.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. பவேரியாவிலிருந்து ரோமுக்கு வந்து குடியேறிய ஹமெரானி வம்சம். ஜொவான்னி ஹமெரானி, அவர் மகன் எர்மெனெஜில்தோ, மகள் பெயாத்ரிச்சே என்று பரம்பரையாக அச்சு செதுக்கியவர்கள். ஒரு பெண் அந்தக் காலத்தில் திருத்தந்தையின் அச்சுப்பட்டறையில் தன் பெயரில் வேலை செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. இவர்கள் செதுக்கிய முகங்களில் தோலின் சுருக்கமும் மேலங்கிப் பூவேலையும் எண்ணிப் பார்க்கலாம் போல இருக்கும். ஏழாம் அலெக்சாண்டர் காலத்தில் நாணயச்சாலை வத்திக்கான் பக்கம் போய், தண்ணீர் வேகத்தில் இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் இந்தத் துல்லியத்துக்கு ஒரு காரணம். சுத்தியலால் அடித்த காசில் இந்தச் சமச்சீர் வராது.

சரி, அப்படியானால் பியாஸ்த்ராவையே வாங்கிவிடலாமே? முதல் காசாக வேண்டாம் என்பேன். விலை மட்டும் காரணம் இல்லை. நல்ல பியாஸ்த்ரா ஒன்றின் விலைக்குப் பத்து மெத்ஸோ க்ரோஸ்ஸோ எளிதாக வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் பெரிய சிக்கல் வேறு. திருத்தந்தையின் முகமும் புனிதர்களும் இருப்பதால் இவற்றை மக்கள் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள், சட்டத்தில் மாட்டினார்கள். காசு பெரிதாக இருக்க இருக்க, துளையிட்டிருக்கவோ வளையம் பற்றவைத்திருக்கவோ வாய்ப்பு அதிகம். பிற்காலத்தில் அந்தத் துளையை வெள்ளி வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

நானும் அதில் மாட்டியிருக்கிறேன். முதன்முதலில் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பியாஸ்த்ரா படத்தில் குறையே இல்லாமல் இருந்தது. வந்த அன்று மாலை மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி முள் இருக்கும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வேறு நிறத்தில் மின்னியது. அந்த வட்டத்துக்குள் இருந்த எழுத்தின் கால், பக்கத்து எழுத்துகளைப் போல அச்சில் உயர்ந்து நிற்கவில்லை, பின்னால் கத்தியால் கீறியதாக இருந்தது. எடை சரியாகத்தான் இருந்தது, அடைத்ததும் வெள்ளிதானே. விற்பனைக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து, பன்னிரண்டு மணி இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் படம் தராத யாரிடமும் பெரிய காசு வாங்குவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே ஹமெரானிகள் பதக்கங்களும் செய்தார்கள், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய பதக்க அச்சுகளை வைத்து 19ஆம் நூற்றாண்டில் மறுபடி அடித்தவையும் சந்தையில் இருக்கின்றன. பதக்கம் அழகானது, ஆனால் அது காசு இல்லை. யாரும் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கியதில்லை. காசு வேண்டும் என்று நினைப்பவர் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது ஜூலியோ. வரலாறு பிடித்தவர்களுக்கு இது. பெயரே இரண்டாம் ஜூலியஸிடமிருந்து வந்தது. 1504இல் அவர் நாணயத்தைச் சீர்திருத்தி, பழைய கார்லினோ காசில் வெள்ளியைக் கூட்டினார். சுமார் நான்கு கிராம் எடையில் புதுக்காசு வந்தது, மக்கள் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். முன்பக்கம் அவர் குடும்பச் சின்னமான கருவாலி (ஓக்) மரம். பின்பக்கம் பேதுருவும் பவுலும் நிற்கிறார்கள். இவர்தான் 1506இல் புதிய புனித பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையை மைக்கலாஞ்சலோவிடம் ஒப்படைத்தவர். அந்தக் கூரைக்கு வண்ணம் பூசிய நாட்களில் ரோமில் புழங்கிய காசு கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் பவுல் (1534–1549) காலத்தில் இதே காசுக்கு மக்கள் பாவ்லோ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் அவருடைய ஃபர்னேசே குடும்பத்தின் ஆறு லில்லிப் பூக்கள், மறுபக்கம் வாளோடு புனித பவுல், சுற்றிலும் 'அல்மா ரோமா' (அன்னை ரோம்). இது ஜூலியஸின் காசைவிட எளிதாகக் கிடைக்கும், விலையும் தாங்கும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவை சுத்தியலால் அடித்த மெல்லிய காசுகள், நூறு கை மாறியவை. பவுலின் முகம் தேய்ந்து வெறும் மேடாக நிற்கும். ஒரு பக்கம் எழுத்து விளிம்புக்கு வெளியே ஓடிவிடும். எனக்கு அந்தத் தேய்மானம் பிடிக்கும். முதல்முறை வாங்குபவருக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை.

ஏழாம் கிளமென்ட்டுக்காக, பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுத்தோ செல்லினி அச்சு செதுக்கிய இரட்டைக் கார்லினோவைப் பலரும் கேட்பார்கள். தண்ணீரில் மூழ்கும் பேதுருவை இயேசு கைகொடுத்துத் தூக்குகிறார், "ஏன் சந்தேகப்பட்டாய்?" என்று எழுதியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். நம் பட்ஜெட்டில் அது இல்லை.

திருப்பீடம் காலியாக இருந்த காலத்துக் காசுகள் தனி வகை. ஒரு திருத்தந்தை இறந்து அடுத்தவர் தேர்வாகும் வரை அரசாங்க வேலை நிற்கக்கூடாது, காசும் அடிக்க வேண்டும். யார் பெயரில் அடிப்பது? கமெர்லெங்கோ என்ற பொறுப்புக் கர்தினாலின் குடும்பச் சின்னத்தைப் போட்டு, அதன்மேல் திறவுகோல்களும் ஒரு குடையும் வைப்பார்கள். பின்பக்கம் பெரும்பாலும் ஒளி சிந்தும் புறா. 1676, 1689, 1691 மூன்று முறையும் கமெர்லெங்கோவாக இருந்தவர் பலுத்சோ அல்தியேரி என்ற ஒரே ஆள்தான். வெண்கொற்றக்குடையைப் படித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசர் இல்லை, குடை மட்டும் நிற்கிறது. சில வாரங்களோ மாதங்களோ மட்டும் அடித்த காசு என்பதால் ஒரே மதிப்புள்ள மற்ற காசைவிட விலை கூடத்தான் இருக்கும். இரண்டாவது காசாக இதை மனதார வாங்கச் சொல்வேன்.

அப்புறம் ரோமுக்கு வெளியே அடித்தவை. இவற்றைப் பலர் கவனிப்பதே இல்லை, அதனாலேயே விலை குறைவு. பொலோஞ்ஞா பெருமை பிடித்த நகரம். திருத்தந்தையின் ஆட்சிக்குள் இருந்தாலும் காசில் தன் சிங்கத்தைக் கொடியோடு நிறுத்தியது. 'பொலோஞ்ஞா கற்பிக்கிறது', 'கல்விகளின் தாய் பொலோஞ்ஞா' என்று தன் பல்கலைக்கழகத்தைக் கொண்டாடியது. நாட்காட்டியைத் திருத்திய 13ஆம் கிரகோரி (1572–1585) அந்த ஊர்க்காரர். அவர் முகம் போட்ட பியான்கோ என்ற வெள்ளிக்காசு பொலோஞ்ஞாவில் அடித்தது. திருத்தந்தையின் முகம் கட்டாயம் வேண்டும், ரோமின் தெஸ்தோனே விலை கட்டாது என்பவருக்கு இதுதான் வழி. அவிஞ்ஞோன் காசுகளில் திருத்தந்தையோடு அவர் பிரதிநிதியின் பெயரும் வரும். ஆனால் அவை பிரெஞ்சுக் காசு முறையோடு கலந்தவை, முதல் காசுக்கு ஏற்றவை இல்லை.

தமிழ் வாசகருக்குப் பொலோஞ்ஞாவில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வீரமாமுனிவர், அப்போது கொன்ஸ்தான்சோ பெஸ்கி, தமிழகம் வருமுன் அந்த ஊரில் படித்தவர். அது 11ஆம் கிளமென்ட் ஆண்ட காலம் (1700–1721). அதே கிளமென்ட் அனுப்பிய தூதர் டூர்னோன்தான் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கி, அடுத்த ஆண்டு அங்கிருந்தே மலபார்ச் சடங்குகளுக்கு, அதாவது கிறிஸ்தவரானவர்கள் கடைப்பிடிக்க இயேசு சபையினர் அனுமதித்த உள்ளூர் வழக்கங்களுக்கு, எதிரான ஆணையை வெளியிட்டார். வீரமாமுனிவர் பின்னால் பணிசெய்த மதுரை மிஷனையே அது கலக்கியது. அதனால் 11ஆம் கிளமென்ட்டின் காசு எனக்கு எங்கோ தூரத்து இத்தாலியக் காசாகத் தெரிவதில்லை. அதில் அவருடைய அல்பானி குடும்பத்தின் நட்சத்திரமும் மூன்று குன்றுகளும் இருக்கும், அடையாளம் காண்பது எளிது.

இவ்வளவையும் சொன்னபிறகு, என் பதில் வேறு ஒருவரிடம் நிற்கிறது. 11ஆம் இன்னசென்ட் (1676–1689).

இவர் பெயர் பெனெதெத்தோ ஒதெஸ்கால்கி. கோமோ ஊரில் வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்த குடும்பம். பணம் எப்படி வேலை செய்யும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். பதவிக்கு வந்ததும் செலவை வெட்டினார், கடனில் மூழ்கியிருந்த கருவூலத்தைத் தூக்கி நிறுத்தினார், சொந்தக்காரர்களுக்குப் பதவி கொடுக்க மறுத்தார். எதைக் கேட்டாலும் முடியாது என்பதால் ரோம் மக்கள் அவரை 'பாப்பா மிங்கா' என்றார்கள். மிங்கா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் 'இல்லை' என்று பொருள். 1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிட்டபோது மட்டும் பணத்தை அள்ளிக் கொடுத்தார். 1684இல் அதற்கொரு பியாஸ்த்ராவும் அடித்தார்: "ஆண்டவரே, உமது வலக்கை பகைவனை அடித்தது."

அவருடைய மற்ற காசுகள்தான் விஷயம். படம் எதுவும் இல்லாமல் வெறும் வாக்கியம் மட்டும் பின்பக்கத்தில் நிற்கும் காசுகள் அவை. பணத்தைப் பற்றிப் பணத்தின் மேலேயே எழுதினார். அந்தப் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. ஏழாம் அலெக்சாண்டர், "பணம் பெருகப் பெருகக் கவலையும் பின்னாலேயே வரும்" என்ற பழைய ரோமக் கவிஞர் ஹொராஸின் வரியைக் காசில் போட்டிருக்கிறார். ஆனால் இன்னசென்ட் இதைப் படிப்படியாகச் செய்தார்.

பியாஸ்த்ராவில்: நோன் ப்ரோதேருந்த் இன் தியே உல்த்சியோனிஸ். "தண்டனை நாளில் உதவாது." நீதிமொழிகளில் இந்த வசனத்துக்கு 'ஐசுவரியம்' என்ற எழுவாய் உண்டு. காசில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். எது உதவாது என்று சொல்லவே வேண்டியதில்லை, அது உங்கள் கையில் கனமாக இருக்கிறது.

அரைப் பியாஸ்த்ராவில்: "பேராசைக்காரனுக்கு நிறையவே நிறையாது." தெஸ்தோனேயில்: "பெறுவதைவிடக் கொடுப்பது நல்லது." ஜூலியோவில்: "ஏழைக்குக் கொடுப்பவனுக்குக் குறைவு வராது." கடைசியில், ஒரு கிராம்கூட எடையில்லாத மெத்ஸோ க்ரோஸ்ஸோவில் இரண்டே சொற்கள்: நோசெத் மீனுஸ். "தீங்கு குறைவு."

மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பெரிய காசுக்குக் கடுமையான எச்சரிக்கை. நடுவில் கொடுக்கச் சொல்லும் அறிவுரை. சின்னக் காசுக்கு வரும்போது, இது கையில் இருந்தால் அவ்வளவாகக் கெடுக்காது என்ற ஆறுதல். எந்தக் காசு யார் கைக்குப் போகும் என்று யோசித்து எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து, திருத்தந்தையரைத் தவிர ஐரோப்பாவின் வேறு எந்த அரசரும் தன் காசைப் பார்த்து இப்படிப் பேசியதில்லை. மற்றவர்கள் தங்கள் பட்டங்களையும் வெற்றிகளையும் எழுதினார்கள்.

என்னிடம் இருப்பது 1684ஆம் ஆண்டுத் தெஸ்தோனே. ஒன்பது கிராமுக்குச் சற்று மேல், அகலம் 32 மில்லிமீட்டர். முன்பக்கம் ஒதெஸ்கால்கி சின்னம்: கழுகு, சிங்கம், சின்னச் சின்னக் கிண்ணங்கள். கழுகின் மார்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பின்பக்கத்தில் சுருள் வேலைப்பாட்டுச் சட்டத்துக்குள் எழுத்து மட்டும்: மேலியுஸ், எஸ்த் தாரே, க்வாம், ஆச்சிப்பெரே. நடுவில் இருக்கும் 'க்வாம்' குட்டிச் சொல் என்பதால் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் முந்நூறு ஆண்டுக் கருமை தங்கியிருக்கிறது. "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று நம் வேதாகமத்தில் படித்த அதே வசனம். ஆனால் லத்தீன் வேதாகமத்தில் 'பாக்கியம்' என்று வரும் சொல்லை எடுத்துவிட்டு, காசில் 'நல்லது' என்று போட்டிருக்கிறார்கள். கடைவீதிப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே தம்பிக்கு: ஒரே ஒரு காசு என்றால் இந்தத் தெஸ்தோனே. கையில் பிடிக்கும்படியான அளவு, பியாஸ்த்ரா அளவுக்கு விலையும் இல்லை, துளை போட்டதும் குறைவு. 1684, 85, 86 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அடித்ததால் தேடினால் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம். இப்போதைக்குப் பணம் அவ்வளவு இல்லை என்றால் அதே ஆளின் நோசெத் மீனுஸ் வாங்குங்கள். தேய்ந்தது வேண்டாம், இரண்டு சொல்லும் முழுசாகத் தெரிய வேண்டும். சின்னக் காசில் எழுத்து போனால் எல்லாம் போயிற்று. பாந்தேயன் பியாஸ்த்ரா ஐந்து வருஷம் கழித்தும் இருக்கும்.

வாங்குமுன் எடை கேளுங்கள். தெஸ்தோனே எட்டு கிராமுக்குக் கீழே இருந்தால் ஓரம் வெட்டியதாகவோ வார்ப்பாகவோ இருக்கலாம். வார்ப்பில் தரை முழுக்க ஊசி முனைக் குழிகள் தெரியும், விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடும். விளிம்பில் அரம் போட்ட தடம் இருந்தால் ஒருகாலத்தில் வளையம் மாட்டியிருந்தது என்று பொருள். இத்தாலியில் இருக்கும் ஏல நிறுவனத்திடம் வாங்கினால் ஏற்றுமதி அனுமதி வரச் சில வாரங்கள் ஆகலாம், பதற வேண்டாம். இந்தியாவுக்குள் வந்துவிட்டால், நூறாண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு வரவழைப்பவர் இதை முன்னாலேயே யோசிக்க வேண்டும். சுங்க ரசீதைக் காசோடு சேர்த்தே வையுங்கள்.

இன்னொன்று. வீட்டில் யாராவது பூஜைப் பாத்திரம் மாதிரி விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருமை போனால் திரும்பி வராது, எழுத்தின் ஓரங்களும் மழுங்கிவிடும். பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலும் வைக்க வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது கசிந்து வெள்ளியில் பச்சை படியும். காகித உறை போதும்.